ஊரும் ஊருணியும்

வருஷநாட்டு மலைகளில் பிறந்து, மதுரை மாநகரின் நடுவே ஓடிக் கிழக்கு நோக்கிச் செல்லும் வைகை நதி, மற்ற நதிகளைப்போல் நேரே போய்ச் சமுத்திரத்தில் கலந்துவிடுவதில்லை. சிவகங்கைச் சீமையிலும் இராமநாதபுரம் சீமையிலும் அதன் இரு கரைகளிலிருந்தும் கால்வாய்கள் பிரிந்து, கண்மாய்க்குக் கண்மாய் அதன் நீரைப் பகிர்ந்துகொண்டே போய், கடைசியில் எஞ்சுவதை இராமநாதபுரத்துப் பெரிய கண்மாய் ஏற்றுக்கொள்கிறது. பெருவெள்ளம் வருகிற வருஷங்களில்தான் அதற்கும் அப்பால் கடல்வரை வைகை நீர் போகிறது. ஒரு நதியையே பங்கிட்டு உபயோகித்து முடிக்கிற இந்தப் பிரதேசத்து ஜனங்களின் வாழ்க்கை முறையைச் சற்று விஸ்தாரமாக இங்கே சொல்ல விரும்புகிறேன். ஏனெனில் சுற்றுச்சூழலைக் காப்பது பற்றி இன்று நாம் கேட்கிற பேச்சில் பெரும்பகுதி, தனி மனிதன் தன் வீட்டில் எதைச் செய்ய வேண்டும், எதைத் தவிர்க்க வேண்டும் என்ற உபதேசமாகவே இருக்கிறது. அந்த உபதேசம் நியாயமானதுதான். ஆனால் அண்டை வீட்டாரோடு சேராத ஒருவர் எவ்வளவு சிரத்தையோடு இருந்தாலும் ஒரு குளத்தைக் காப்பாற்றிவிட முடியாது. சேர்ந்து வாழ்கிற ஊரிலோ மிகச் சாமானியமான மனிதரும் தம் அன்றாடக் காரியங்களின் வழியாகவே அதைக் காப்பாற்றிவிடுகிறார். இதை இந்த வறண்ட சீமை பல நூற்றாண்டுகளாக நடத்திக் காட்டியிருக்கிறது.

இங்கே மழை வருஷம் முழுவதும் பரவலாகப் பெய்வதில்லை. ஐப்பசியிலும் கார்த்திகையிலும், அதுவும் சில நாட்களில், கொட்டித் தீர்த்துவிட்டுப் போகிற மழையைப் பிடித்து வைத்துக்கொண்டால்தான் தைமாத அறுவடையும் சித்திரை வைகாசிக்குக் குடிநீரும் உண்டு. ஆகவே சரிவான நிலத்தின் தாழ்ந்த பக்கத்தில் பிறைவடிவமாக ஒரு மண் கரையை எழுப்பி, மேட்டிலிருந்து வரும் நீரை வரத்துக்கால் மூலம் கொண்டுவந்து நிரப்பி, மடை வழியே வயலுக்கு விட்டு, மிகுந்ததைக் கலுங்கு வழியாக வெளியேற்றும் ஏற்பாட்டை நம் முன்னோர் செய்தார்கள். தமிழ்நாட்டில் ஏரி என்றும், குளம் என்றும், கண்மாய் என்றும், தாங்கல் என்றும் வழங்கும் இத்தகைய நீர்நிலைகள் சுமார் 39,000 இருக்கின்றன. இவற்றுள் பல ஒன்றோடொன்று கோக்கப்பட்டவை. மேல் கண்மாய் நிறைந்து அதன் கலுங்கில் வழிகிற நீர் கீழ் கண்மாயின் வரத்தாகிறது. அது நிறைந்தால் அடுத்ததற்குப் போகிறது. ஆதலால் ஓர் ஊரார் தங்கள் கலுங்கை அளவுக்கு மேல் உயர்த்தினால் கீழூர் வறண்டுபோகும்; தங்கள் கரையைக் கவனிக்காமல் விட்டு அது உடைந்தால் கீழூர் வெள்ளத்தில் மூழ்கும். ஊருக்கு ஊர் இருந்த இந்தப் பரஸ்பர பந்தத்தை மண்ணும் கல்லும் கொண்டு நிலத்திலேயே எழுதி வைத்திருந்தார்கள் என்று சொல்லலாம்.

கண்மாய் வயலுக்கு என்றால், ஊருணி வாய்க்கு. ஊருக்கு நடுவிலோ ஓரத்திலோ சதுரமாக வெட்டி, கரைகட்டி, இறங்குவதற்குப் படித்துறையும், கோடையில் நீர் அடியோடு வற்றும்போது ஊற்றெடுப்பதற்கு நடுவில் ஒரு கிணறும் வைத்திருப்பார்கள். அந்தப் படித்துறையில் ஒரு காலைப்பொழுது நின்று பார்த்தவர்களுக்கு அங்கே நிலவும் ஒழுங்கு நன்றாகத் தெரியும். கரை ஏறும்போதே செருப்பைக் கழற்றிவிட வேண்டும். கால் கழுவக் கூடாது. வாய் கொப்பளிக்கக் கூடாது. துணி துவைப்பதும் குளிப்பதும் மாட்டை இறக்குவதும் வேறு குளத்தில். நீர் எடுக்க வரும் பெண்கள் கடைசிப் படியில் குனிந்து, குடத்தின் வாயால் மேல்நீரை மெல்ல இருபுறமும் விலக்கி, அடியிலிருக்கும் வண்டல் கலங்காதபடி சாய்த்து மொண்டு, வாயில் கட்டிய வெள்ளைத் துணியில் வடிகட்டிக்கொள்வார்கள். கூட வந்த சிறுவன் விளையாட்டாகக் காலை நீரில் விட்டானானால், அவன் யார் வீட்டுப் பிள்ளை என்று பாராமல், பக்கத்தில் நிற்கும் ஏதோ ஒரு கிழவி, "ஏலே, கால எடுடா, குடிக்கிற தண்ணியில்ல அது? ஒங்க அப்பத்தாகிட்டச் சொல்லவா?" என்று அதட்டுவாள். சிறுவன் காலை எடுத்துவிடுவான். அந்த அதட்டலுக்குப் பின்னால் இருந்த அதிகாரம், அவளுக்கு அவன் அப்பத்தாளைத் தெரியும் என்பது மட்டுமே.

வீட்டுக்குக் கொண்டுவந்த நீர் செம்மண் நிறமாக இருந்தால், தேற்றாங்கொட்டையை மண்பானையின் உட்புறத்தில் சற்றுத் தேய்த்துவிட்டு நீரை ஊற்றி வைப்பார்கள். சிறிது நேரத்தில் மண் துகள்கள் ஒன்றுசேர்ந்து அடியில் படிய, மேலே தெளிந்த நீர் நிற்கும். மிதக்கும் நுண்துகள்களைத் திரட்டிக் கனமாக்கிக் கீழே இறக்கும் பொருள்கள் அந்த விதையில் இருப்பதை இன்றைய விஞ்ஞானமும் ஒப்புக்கொள்கிறது. நகரத்து நீர்ச்சுத்தி நிலையங்களில் படிகாரம் செய்யும் வேலையும் அதுவே. செட்டிநாட்டு வீடுகளில் கூரையில் விழும் மழையை முற்றத்தில் பெரிய அண்டாக்களில் பிடித்துக்கொண்டு, மிகுந்ததைத் தெரு வடிகால் வழியே ஊருணிக்கு அனுப்புவார்கள். அந்த வடிகால் ஊருணிக்குப் போகிறது என்பதை அறிந்த தெருவில் யாரும் குப்பையை அதில் தள்ளத் துணியமாட்டார்கள். தள்ளினால் நாளைக்கு அதைத் தாமே குடிக்க வேண்டும்.

நீர்நிலையின் பராமரிப்பும் இப்படியே அன்றாட வாழ்க்கையோடு பின்னியிருந்தது. மழைக்காலம் தொடங்குமுன் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வந்து வரத்துக்காலை வெட்டிவிட வேண்டும். வர முடியாதவர் ஆளுக்குரிய கூலியைக் கொடுத்துவிட வேண்டும். குடிமராமத்து என்று இதற்குப் பெயர். கோடையில் கண்மாய் வற்றியதும், வண்டலையும் கரம்பையையும் வண்டி வண்டியாக அள்ளிப் போய் வயலில் இறைப்பார்கள். அதனால் வயலுக்கு உரமும் கண்மாய்க்கு ஆழமும் ஒருசேரக் கிடைத்தன. பெண்கள் தலைக்குத் தேய்த்துக் குளிக்கவும் அந்தக் கரம்பை உதவியது. கலுங்கின்மேல் வரிசையாக நட்டிருக்கும் குத்துக்கற்களைப் பலர் பார்த்திருக்கலாம். அவற்றின் உபயோகம் இன்று பலருக்குத் தெரிவதில்லை. பெருமழை பெய்யும் நாட்களில் வெள்ளம் அந்தக் கற்களின் இடைவெளியில் தடையின்றி வெளியேறும். மழையின் வேகம் தணிந்து, இனி ஆபத்தில்லை என்று தெரிந்ததும், ஊரார் அந்த இடைவெளிகளைப் புல்கரணையும் களிமண்ணும் வைத்து அடைத்து, மேலும் சில அங்குல நீரைத் தேக்கிக்கொள்வார்கள். எப்போது திறந்துவைப்பது, எப்போது அடைப்பது என்பதை வானத்தைப் பார்த்தும் கீழூர்க்காரனோடு பேசியும் நிர்ணயிக்க வேண்டும். எந்த யந்திரமும் இல்லாமல், பேச்சையும் களிமண்ணையும் கொண்டு நடந்த இந்த நிர்வாகத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆச்சரியம் உண்டாகிறது.

மடையைத் திறந்து நீரை வயல் வயலாகப் பகிர்ந்தளிக்கும் பொறுப்பு நீர்க்கட்டியினுடையது. சில பகுதிகளில் அவரை நீர்ப்பாய்ச்சி என்றும், மடைக்குடும்பர் என்றும் அழைப்பார்கள். குமிழித் தூம்பு என்னும் மடை உள்ள கண்மாய்களில் அவர் நிறைநீருக்குள் மூழ்கி அடியிலுள்ள கல்லை அகற்றித் திறக்க வேண்டியிருந்தது. உள்ளிழுக்கும் சுழலில் சிக்கி உயிரிழந்தவர்களும் உண்டு. பல ஊர்களில் சொந்த நிலம் இல்லாதவரையே இந்த வேலைக்கு நியமித்தார்கள். தமக்கென்று வயல் இல்லாதவர் எந்த வயலுக்கும் பட்சபாதம் காட்டமாட்டார் என்ற எண்ணம் அதற்குக் காரணம். பஞ்ச காலத்தில் யார் வயலுக்கு எத்தனை நாழிகை என்று அவர் வகுத்ததை மிராசுதாரரும் மறுத்துப் பேசுவதில்லை. கூலியாக அறுவடைக் களத்தில் அவருக்குரிய நெல்லை அளந்து விடுவார்கள்.

இத்தகைய ஏற்பாடுகள் மிகப் பழமையானவை என்பதற்குச் சாசனங்கள் சாட்சி. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-ஆம் ஆண்டிலும் 921-ஆம் ஆண்டிலும் உத்தரமேரூரில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள், குடவோலை மூலம் ஆட்களைத் தேர்ந்தெடுத்து ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலிய குழுக்களை அமைத்த விதிகளை விவரிக்கின்றன. பதவி 360 நாட்களுக்கு. ஒழுங்காகக் கணக்குக் காட்டாதவருக்கும் அவருடைய உறவினருக்கும் மறுபடி இடமில்லை. ஏரியைக் காப்பதும் அதன் கணக்கைச் சபைக்குச் சொல்வதும் ஒரே கடமையின் இரு பகுதிகளாக அப்போதே கருதப்பட்டன.

இவ்வளவையும் போற்றிச் சொல்லும்போது, இந்த ஊர் ஒற்றுமையின் முகத்தில் இருந்த பெரிய களங்கத்தை மறைத்துவிட்டுப் போவது அதர்மமாகும். கண்மாயை வெட்டியவர்களும், மடைக்குள் மூழ்கியவர்களும், வரத்துக்காலைத் தூர்வாரியவர்களும் பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட மக்கள்; அவர்களையே ஊருணியின் படித்துறையில் இறங்க விடாமல், யாரோ மொண்டு ஊற்றும்வரை குடத்தோடு எட்ட நிற்கச் செய்தது அதே ஊர். நீரைத் தூய்மையாக வைத்திருக்க வேண்டும் என்ற நல்ல விதியையும், மனிதரைத் தீண்டக் கூடாது என்ற கொடிய விதியையும் ஒரே வாயால் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆகவே பழைய கிராமத்தை அப்படியே திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று யாரேனும் சொன்னால், அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அதன் கூட்டுறவை எடுத்துக்கொண்டு அதன் அநீதியைக் களைந்துவிட முடியும் என்பதே என் நம்பிக்கை. படித்துறை எல்லோருக்கும் திறந்திருந்தால்தான் அதைக் காக்கும் கடமையும் எல்லோருக்கும் உரியதாகும்.

இந்த ஏற்பாடு எப்படிச் சிதைந்தது? கிழக்கிந்தியக் கம்பெனியார் நில வரியைக் கறாராக வசூலிக்கத் தொடங்கியபோது, ஏரிகளின் பராமரிப்புக்கென்று ஊரில் விடப்பட்டிருந்த மானியங்களும் பங்குகளும் சுருங்கின. செலவு செய்யப் பணமில்லாத ஊரை, கடமையை மட்டும் செய்யச் சொல்லி 1858-ஆம் ஆண்டில் ஒரு கட்டாய உழைப்புச் சட்டம் வந்தது. அன்பினாலும் அவமானத்துக்குப் பயந்தும் செய்து வந்த வேலையை அபராதத்துக்குப் பயந்து செய்யச் சொன்னதன் பலன் சொற்பமாகவே இருந்தது. சுதந்திரத்துக்குப் பின் ஜமீன்தாரி ஒழிக்கப்பட்டு, இராமநாதபுரம், சிவகங்கை ஜமீன்களின் கண்மாய்களும் சர்க்காரின் கைக்கு வந்தன. நாற்பது ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு என்னும் பாசன நிலம் உள்ளவை பொதுப்பணித் துறைக்கு, சிறியவை ஊராட்சி ஒன்றியங்களுக்கு என்று பிரிக்கப்பட்டன. சர்க்கார் பொறுப்பேற்றது தவறு என்று நான் சொல்லவில்லை. ஆனால் அன்று முதல் கண்மாய் சர்க்காருடையது என்ற எண்ணம் ஜனங்களிடம் மெல்ல மெல்ல வேரூன்றியது.

அதைவிட ஆழமான மாறுதல் ஆழ்துளைக் கிணறும் தெருக்குழாயும் வந்ததால் ஏற்பட்டது. தன் வயலில் மோட்டார் வைத்துக்கொண்ட விவசாயிக்குக் கண்மாயின் தயவு தேவையில்லை. ஆகவே வரத்துக்கால் வெட்டும் நாளில் அவர் வரவில்லை. அவர் வராததைப் பார்த்து அடுத்தவரும் வரவில்லை. ஊரில் வசதி படைத்தவர்களே முதலில் விலகிக்கொண்டதால், கண்மாயை நம்பி நின்றவர்கள் நிலமும் சொல்வாக்கும் குறைந்தவர்களாகவே இருந்தார்கள். வீட்டு வாசலில் குழாயைத் திறந்தால் நீர் வருகிற பெண்மணிக்கு ஊருணிப் படி இறங்க வேண்டிய சிரமம் தீர்ந்தது. அது பெரிய நன்மைதான், அதை யாரும் குறைத்துப் பேசக் கூடாது. தலைச்சுமையாக நீர் சுமந்து கழுத்தெலும்பு தேய்ந்தவர்களின் கஷ்டம் சுமந்தவர்களுக்கே தெரியும். ஆனால் படித்துறைக்கு யாரும் போகாத ஊரில், காலை எடு என்று அதட்டுவதற்கும் யாரும் இல்லை. முதலில் ஒருவர் வீட்டுக் கழிவுநீரை அதில் விட்டார். பிறகு கல்யாண மண்டபத்து எச்சிலைகள் வந்தன. பிறகு பிளாஸ்டிக் பைகள். பிறகு சீமைக் கருவேலம். கரையோரம் ஒரு கடை முளைத்ததோடு பல ஊருணிகளின் சரித்திரம் முடிந்துபோயிற்று. இவற்றில் எதையும் ஒரு துஷ்டன் திட்டமிட்டுச் செய்யவில்லை. நல்ல ஜனங்களே, ஒருவரையொருவர் சந்திக்கும் இடத்தை இழந்ததால், சிறிது சிறிதாகச் செய்தார்கள்.

பொதுச் சொத்து இப்படித்தான் அழியும் என்று 1968-இல் காரெட் ஹார்டின் என்ற அமெரிக்க உயிரியலறிஞர் எழுதிய ஒரு கட்டுரை உலகெங்கும் பிரசித்தியடைந்தது. பொதுவான மேய்ச்சல் நிலத்தில் ஒவ்வோர் இடையனும் இன்னும் ஒரு மாட்டை விடுவதே தனக்கு லாபம் என்று நினைப்பான், முடிவில் புல்லே இல்லாமல் போகும் என்பது அவர் வாதம். ஆகவே ஒன்று சர்க்கார் எடுத்துக்கொள்ள வேண்டும், அல்லது தனியாருக்குப் பிரித்துக் கொடுத்துவிட வேண்டும் என்ற முடிவுக்குப் பலர் வந்தார்கள். எலினார் ஆஸ்ட்ரம் என்ற அமெரிக்கப் பெண்மணி இதை ஏற்கவில்லை. சுவிட்சர்லாந்தின் மலைக் கிராமங்கள், ஜப்பானியக் கிராமக் காடுகள், ஸ்பெயின் தேசத்து வலென்சியாவின் பாசன வாய்க்கால்கள் என்று பல இடங்களின் விவரங்களைச் சேகரித்து ஆராய்ந்து, பயன்படுத்துபவர்களே விதி வகுத்து, தாங்களே கண்காணித்து, தவறியவரைச் சிறு தண்டனையில் தொடங்கித் திருத்தி, சச்சரவுகளை அருகிலேயே செலவில்லாமல் தீர்த்துக்கொள்ளும் இடங்களில் பொதுச் சொத்து நூற்றாண்டுகளாக நிலைத்திருப்பதை 1990-இல் வெளியிட்ட நூலில் எடுத்துக்காட்டினார். வலென்சியாவில் வியாழக்கிழமைதோறும் நண்பகலில் பெரிய தேவாலயத்தின் வாசலில் விவசாயிகளே கூடி, வக்கீலும் காகிதமும் இல்லாமல் தண்ணீர் வழக்குகளைத் தீர்ப்பது இன்றும் நடக்கிறது. பொருளாதாரத்துக்கான நோபெல் பரிசு 2009-இல் ஆஸ்ட்ரம் அம்மையாருக்கு வழங்கப்பட்டது. அதைப் பெற்ற முதல் பெண்மணி அவரே. அவருடைய நூலைப் படிக்கும் தமிழருக்கு, ஊருணிப் படியில் அதட்டிய கிழவியும் பட்சபாதமில்லாத நீர்க்கட்டியும் ஞாபகத்துக்கு வராமல் இருக்கமாட்டார்கள். ஆந்திரக் கிராமங்களில் ராபர்ட் வேட் என்பவர் செய்த ஆராய்ச்சி இன்னொரு சுவையான செய்தியைத் தருகிறது: கால்வாயின் தலைப்பகுதியில் நீர் தாராளமாகக் கிடைக்கும் ஊர்களைவிட, கடைமடையில் நீருக்கு ஏங்கும் ஊர்களே நன்றாக ஒன்றுகூடிப் பொதுநிதி சேர்த்து, காவலாளும் நீர்ப்பாய்ச்சியும் வைத்துக்கொண்டன.

கடமை மட்டும் ஊரைச் சேர்த்து வைத்துவிடாது. சேர்ந்து அனுபவிக்கும் ஆனந்தமும் வேண்டும். மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டை வட்டாரங்களில் கோடையில் நடக்கும் மீன்பிடித் திருவிழா அத்தகைய ஆனந்தம். கண்மாய் நீர் முழங்காலளவுக்கு வற்றியதும் நாள் குறித்து அக்கம்பக்கத்து ஊர்களுக்கெல்லாம் சொல்லியனுப்புவார்கள். விடியுமுன்பே ஊத்தா, கச்சா, வலை, பரி என்று அவரவர் கைக்குக் கிடைத்ததோடு ஆயிரக்கணக்கானவர் கரையைச் சுற்றி நிற்பார்கள். ஆனால் ஊர்ப் பெரியவர் சாமி கும்பிட்டுவிட்டுக் கரைமேல் நின்று வெள்ளைத் துண்டை வீசும்வரை ஒரு கால் நீரில் இறங்காது. துண்டு அசைந்ததும் கண்மாய் முழுவதும் ஒரே ஆரவாரம். மூங்கில் சிம்புகளால் செய்த ஊத்தாவைச் சேற்றில் பொத்தென்று குத்தி, மேல் வாய்க்குள் கையை விட்டுத் துழாவி, வழுக்கி வழுக்கிப் போகும் விராலைச் செவுளில் பிடித்துத் தூக்குகிற பையனின் முகத்தைப் பார்க்க வேண்டும். கெளுத்தியின் முள் குத்தியவனுக்கு வைத்தியம் சொல்ல நாலு பேர் கூடுவார்கள். வெளியூர்க்காரனென்று யாரையும் விலக்குவதில்லை. பிடித்த மீனை விற்பதும் வழக்கமில்லை. அன்று மத்தியானம் வட்டாரம் முழுவதும் மீன் குழம்பு மணக்கும். இப்படிச் செய்தால் அடுத்த வருஷம் மழை பொய்க்காது என்பது ஜனங்களின் நம்பிக்கை. மழைக்கும் மீனுக்கும் உள்ள சம்பந்தம் எப்படியிருந்தாலும், ஒரு வருஷம் முழுவதும் திருட்டுத்தனமாக யாரும் மீன் பிடிக்காமலும், கண்மாயில் விஷம் கலக்காமலும் இருந்தால்தான் அந்த நாள் வரும் என்பதை எல்லோரும் அறிவார்கள்.

சிவகங்கை மாவட்டத்தில் திருப்பத்தூருக்கு அருகே கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி என்ற ஊர்களின் கண்மாய்களுக்கு மழைக்காலத்தில் நத்தைகுத்தி நாரைகளும், இராக்கொக்குகளும், அரிவாள்மூக்கன்களும், நீர்க்காகங்களும் கூட்டங்கூட்டமாக வந்து கூடு கட்டுகின்றன. 1977-இல் இவற்றைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். ஆனால் ஊரார் அதற்கு முன்பிருந்தே பறவைகளுக்குக் காவலாக இருந்துவருகிறார்கள். தீபாவளி சமயம் பறவைகள் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் காலம். ஆகவே இந்த ஊர்களில் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை; கோயில் திருவிழாவிலும் கல்யாணத்திலும்கூட வேட்டு இல்லை. ஐந்து வயதுக் குழந்தைக்குப் பட்டாசு வேண்டாம் என்று சொல்லிச் சமாதானப்படுத்துவது எவ்வளவு கடினம் என்பது பெற்றோருக்குத் தெரியும். ஒரு வீட்டில் மட்டும் அப்படிச் சொன்னால் அது நடக்காது; பக்கத்து வீட்டிலும் எதிர் வீட்டிலும் வெடிக்காததால்தான் அந்தக் குழந்தை ஒப்புக்கொள்கிறது. பறவைகளும் கைம்மாறு செய்யாமல் இல்லை. அவற்றின் எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரமாகிறது. செங்கற்பட்டுச் சீமையில் வேடந்தாங்கல் விவசாயிகளுக்கும் இது வெகுகாலமாகத் தெரிந்த விஷயம். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியிலேயே, பறவைகளைச் சிப்பாய்கள் சுடுவதைத் தடுக்க வேண்டுமென்று கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு அவர்கள் உத்தரவு பெற்றிருக்கிறார்கள்.

இந்தக் காலத்தில் இது மறுபடி நடக்குமா என்று சந்தேகிப்பவர்களுக்குச் சில உதாரணங்களைச் சொல்லலாம். 2017-ஆம் ஆண்டில் தமிழக அரசு குடிமராமத்து என்ற பழைய பெயரிலேயே ஒரு திட்டத்தைத் தொடங்கி, செலவில் பத்தில் ஒரு பங்கை ஆயக்கட்டு விவசாயிகள் உழைப்பாகவோ பணமாகவோ கொடுக்க வேண்டும் என்று விதித்தது. அதே ஆண்டில் கோயம்புத்தூரில், ஞாயிற்றுக்கிழமைதோறும் ஏதாவது ஒரு குளக்கரையில் கூடித் துப்புரவு செய்யும் வழக்கத்தைக் கோவைக் குளங்கள் பாதுகாப்பு அமைப்பினர் ஏற்படுத்திக்கொண்டார்கள். உத்தியோகஸ்தர்களும் மாணவர்களும் குடும்பஸ்தர்களும் அதில் சேர்ந்து உழைத்தார்கள். 2018 நவம்பரில் கஜா புயல் தஞ்சைக் கடைமடைப் பகுதியின் தென்னைகளையெல்லாம் சாய்த்துவிட்டுப் போனபின், பேராவூரணி இளைஞர்கள் கடைமடைப் பகுதி ஒருங்கிணைந்த விவசாயிகள் சங்கம் என்று ஒன்றை நிறுவி, 500 ஏக்கருக்கு மேற்பட்ட பெரியகுளத்தை ஜனங்களிடம் திரட்டிய பணத்தில் தூர்வாரினார்கள். கடைமடைக்காரர்களே முதலில் ஒன்றுகூடுவார்கள் என்று ஆந்திரத்தில் கண்டது இங்கும் மெய்யாயிற்று.

நகரவாசி தமக்குக் கண்மாயும் இல்லை, ஊருணியும் இல்லை என்று சொல்லக்கூடும். அது சரியென்று எனக்குத் தோன்றவில்லை. தெருவின் அடியிலுள்ள நிலத்தடி நீர், கரை தெரியாத கண்மாய். ஒரு வீட்டுக்காரர் 200 அடி துளைத்தால் பக்கத்து வீட்டுக் கிணறு வற்றுகிறது. ஒருவர் கூரை நீரைப் பூமிக்குள் இறக்கினால் அடுத்தவர் குழாயில் உப்புக் கரிப்பது குறைகிறது. 2003-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. நல்ல மழை பெய்த பின் சென்னையின் பல தெருக்களில் கிணற்று நீர் உயர்ந்ததை ஜனங்கள் கண்ணாரக் கண்டார்கள். அதன் பின் என்ன ஆயிற்று? மழைநீரை இறக்கும் குழியில் இட்ட மணலிலும் ஜல்லியிலும் வண்டல் அடைத்துக்கொண்டது; குழாய்மூடி துருப்பிடித்தது; வாடகைக்கு வந்தவருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை. சென்னையின் ஏரிகள் வறண்டு, ஜனங்கள் இரவெல்லாம் குடங்களோடு லாரிக்குக் காத்திருந்த 2019-ஆம் ஆண்டுக் கோடையில், இந்தக் குழிகளில் எத்தனையோ தூர்ந்து கிடந்தன. சட்டம் குழியை வெட்ட வைத்தது. வருஷாவருஷம் அதைத் திறந்து பார்க்கத் தெரு ஒன்று கூடியிருந்தால் அவை தூர்ந்திருக்காது.

ஆகவே எங்கே தொடங்குவது என்று கேட்பவருக்கு நான் சொல்வது, உங்கள் தெருவிலோ அடுக்குமாடிக் குடியிருப்பிலோ உள்ள திறந்த கிணற்றிலிருந்து தொடங்குங்கள் என்பதுதான். அதன்மேல் பலகை மூடியிருந்தால் அதை அகற்றி, கல் கட்டிய கயிறு ஒன்றை இறக்கி, தரையிலிருந்து எத்தனை அடியில் நீர் நிற்கிறது என்று மாதந்தோறும் முதல் ஞாயிறன்று அளந்து, மாடிப்படியின் கீழே எல்லோர் கண்ணிலும் படும்படி ஒரு கரும்பலகையில் எழுதி வையுங்கள். பிள்ளைகளையே அளக்கச் சொல்லலாம், அவர்கள் மறக்கமாட்டார்கள். எண் ஏறுவதையும் இறங்குவதையும் எல்லோரும் பார்க்கத் தொடங்கினால், மாடித் தளத்தில் குவிந்த சருகையும், வடிகாலில் போட்ட பையையும் பற்றிய பேச்சு தானே எழும். கோபமில்லாமல் பேசவும் முடியும். குழியில் உள்ள மணலையும் ஜல்லியையும் வெளியே எடுத்துக் கழுவி மறுபடி இடுவது பத்துப் பேர் சேர்ந்தால் அரைநாள் வேலை. வேலை முடிந்ததும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவதற்கும் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். கூட்டத்தில் வீட்டு உரிமையாளரோடு வாடகைக்குடியும், காவலாளியும், வீட்டுவேலை செய்யும் அம்மாளும் சமமாக உட்கார வேண்டும். நீர் எப்போது நின்றுபோகிறது என்பது அவர்களுக்கே முதலில் தெரிகிறது. ஆவணியில் முதல் கூட்டத்தைக் கூட்டினால் புரட்டாசிக்குள் குழிகளைச் சுத்தம் செய்து, ஐப்பசி மழைக்குத் தயாராகிவிடலாம்.